சீனிக் குழல் காட்டிய எட்டு

பழச்சாறு ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், அதில் சீனி எத்தனை வீதம் என்று சொல்லிவிடுவேன். பொபினிக்கு அப்பால் உள்ள ஒரு பழச்சாறுத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடமாக அதுதான் என் வேலை. நாக்கு சொன்னதை ரெஃப்ராக்டோமீட்டர் உறுதிப்படுத்தும். அது ஒரு சாண் நீளக் குழல். நுனியில் உள்ள கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் சீனி. எனக்கு இதில் தலைக்கனமும் உண்டு. தேத்தண்ணீரில் சீனி கூடிவிட்டது என்று வீட்டில் யாராவது சொன்னால், "எவ்வளவு கூட?" என்று கேட்கிற ஆள் நான்.

கூடத்துக்குப் புதுக் கருவிகள் வந்தபோது, பொறுப்பாளரான பிரெஞ்சுப் பெண்மணி பழையது ஒன்றை எனக்குத் தந்துவிட்டார். வீட்டில் அதற்குச் 'சீனிக் குழல்' என்று பெயர் வைத்தோம்.

2013இல் என் கணவர் வீட்டிலேயே பியர் காய்ச்சத் தொடங்கினார். அதற்கு முன் அவர் விஸ்கிக்காரர். மகளின் பூப்பு விழாவான சாமத்தியவீட்டில், வந்திருந்த சனம் முழுக்கப் பார்த்திருக்க, நிறைகுடத்தோடு சேர்ந்து விழுந்தார். அடுத்த நாள் யாரும் சொல்லாமலே விஸ்கியை விட்டார். விட்டபின் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் இரண்டு அறை வீட்டுக்குள் யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவர் ரூ காய் தெருவில் உள்ள தமிழ்க் கடைகளுக்கு வான் ஓட்டிச் சாமான் இறக்குகிறவர். கூட வேலை செய்த ஒருவர் பியர் காய்ச்சும் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த நடையைப் பார்ப்பதைவிட இது பரவாயில்லை என்று தோன்றியது. ஒரு நிபந்தனை போட்டேன். பியர் மெல்லியதாக இருக்கவேண்டும், எவ்வளவு மெல்லியது என்று நான்தான் அளந்து சொல்வேன்.

"நீர் சொன்னாச் சரி" என்றார்.

பார்லிப் பாகைக் கரைத்துக் காய்ச்சி, ஆறவிட்டு, வாளியில் ஊற்றியதும் அளந்தேன். பதினாறு. சமையலறைக் கலண்டரில் அந்தத் தேதித் தாளில் எழுதினேன். ஈஸ்ட் போட்டு இரண்டு கிழமை கழித்து, நுரை அடங்கியபின் அளந்தபோது எட்டு. மறுநாளும் எட்டு. நான்காம் நாளும் எட்டு. அப்படியானால் பாதிச் சீனிதான் மதுசாரமாகியிருக்கிறது, மீதி அப்படியே கிடக்கிறது, ஈஸ்ட் களைத்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதுசாரம் நாலு வீதத்துக்குக் கொஞ்சம் மேல். சந்தோஷமாக இருந்தது.

ஒன்றை இப்போது ஒத்துக்கொள்ளவேண்டும். அன்று ஒரு சொட்டை நாக்கிலும் வைத்தேன். இனிப்பே இல்லை. எட்டு வீதச் சீனி உள்ள சாறு எப்படி இனிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் குழல் எட்டு என்றது. கசப்புப் பூ சேர்த்துக் காய்ச்சியதால் இனிப்பு மறைந்திருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஆட்டுக்கறிச் சோற்றோடு அவர் அரை லீற்றர்ப் போத்தல் இரண்டு குடித்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு கடைக்கு அவசரமாக அரிசி மூட்டை இறக்கவேண்டும் என்று ஐந்து மணிக்கு வானை எடுத்துக்கொண்டு போனார். போர்த் து லா ஷப்பலில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது. அளவு கூடியிருந்தது. ஏற்கனவே வேகத்துக்காக அவருடைய பெர்மியில், அதுதான் சாரதி அனுமதிப்பத்திரத்தில், பாதிப் புள்ளிகள் போயிருந்தன, மீதியும் போய்விட்டது. ஓட்டுகிறவருக்குப் பெர்மி இல்லையென்றால் வேலையும் இல்லை.

வீட்டுக்கு வந்தவரிடம் எங்கே குடித்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்த ரெண்டு போத்தில்தானப்பா. வேறை ஒண்டும் வாயிலை வைக்கேல்லை."

கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவருடைய நிறை, இரண்டு போத்தல், நாலு வீதம், மூன்று மணித்தியாலம். என்ன செய்தாலும் பொலிஸ் கண்ட அளவு வரவில்லை. இடையில் விஸ்கி இருந்தால்தான் வரும்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறியளே? நான் அளந்தனான். இந்தக் கணக்குப் பொய் சொல்லுமே?"

அவர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொன்னதையே திரும்பச் சொன்னார். குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்றேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகளைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தினேன்.

"பிள்ளையின்ர தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ, விஸ்கி குடிக்கேல்லையெண்டு."

அவர் கை பாதி தூரம் எழுந்தது. பிறகு மடியில் விழுந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. மகள் அழுதுகொண்டு பிரெஞ்சில் ஏதோ கத்திவிட்டு உள்ளே போனாள். அப்பாவை விடுங்கள் என்றுதான் சொன்னாள். நான் விடவில்லை. மிச்சப் போத்தல்களையெல்லாம் தொட்டிக்குள் ஊற்றினேன்.

பதினொரு நாள் நான் அவரோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஓம், விஸ்கி குடிச்சனான். போதுமே?"

நான் மன்னித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவ்வளவு பெருந்தன்மையாக மன்னித்தேன். கோயிலுக்குப் போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். தங்கச்சிக்குப் போன் எடுத்து, மனுசனை மன்னிக்காமல் என்ன செய்கிறது என்று பெருமூச்சு விட்டேன்.

அவருக்கு ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மத்தியானக் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு வருவார். நான் கோட்டை வாங்குகிற சாட்டில் வாயை மணந்து பார்ப்பேன். இரண்டு கிழமையில் அவருக்கு அது விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு சாட்டு ஒன்றும் தேவைப்படவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் முன்னால் வந்து, கொஞ்சம் குனிந்து, வாயைத் திறந்து, 'ஹா' என்று என் முகத்தில் ஊதுவார். நான் தலையாட்டினால் உள்ளே போவார்.

அடுத்த வசந்தத்தில் தொழிற்சாலைக்கு வந்த அப்பிள் சாறு ஒரு பீப்பாய் புளித்துப்போயிருந்தது. நான் குழலில் அளந்து எண்ணை எழுத, பொறுப்பாளர் அதை வெட்டினார்.

"இதில் மதுசாரம் இருக்கிறது. அதுவும் ஒளியை வளைக்கும். போன சீனியையும் இருக்கிறதாகக் காட்டும். இந்தக் குழல் இதற்குச் சரிவராது."

அதுவரை நான் அளந்ததெல்லாம் புளிக்காத சாறு. அன்றுதான் அதை முதல்முறை கேட்கிறேன்.

"பதினாறில் தொடங்கி எட்டில் நின்றால்?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு எண்களையும் கணினியில் போட்டுத் திருத்தம் பார்த்தார். "சீனி ஏறக்குறைய முடிந்துவிட்டது. கிட்டத்தட்ட ஏழு வீதம். நல்ல பலமான பியர், யார் காய்ச்சினது?" என்று சிரித்தார்.

கண்ணால் காண்பதும் பொய் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

கூடத்திலிருந்து அடர்த்தி அளக்கும் கண்ணாடி மிதவை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். நான் ஊற்றியபோது தப்பிய ஒரு போத்தல் அரிசிச் சாக்குக்குப் பின்னால் கிடந்தது எனக்குத் தெரியும். அதைத் திறந்து, கலக்கி வாயுவைப் போக்கி, உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி மிதவையை விட்டேன். எட்டு வீதச் சீனி இருந்தால் அது நன்றாக மேலெழுந்து நிற்கவேண்டும். அது கீழே போய், வெறும் தண்ணீரில் நிற்கும் இடத்துக்குச் சற்றே மேலே நின்றது. கதிரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். பிழை என்னுடையது, நீங்கள் பொய் சொல்லவில்லை, என்னை மன்னியுங்கோ என்றேன். அவர் மிதவையை ஒரு விரலால் தொட்டு அமுக்கி, விட்டுப் பார்த்தார்.

"அப்ப ஏன் குடிச்சனெண்டு சொன்னீங்கள்?"

"நீர் அளந்தது பிழையெண்டு நான் என்னெண்டு சொல்லுறது? கடைசியிலை எனக்கே சந்தேகம் வந்திட்டுது, குடிச்சுப்போட்டு மறந்திட்டனோ எண்டு."

"பிள்ளையின்ர தலையிலை ஏன் கை வைக்கேல்லை?"

"உண்மையெண்டாலும் பிள்ளையின்ர தலையிலை வைக்கிறதே?" என்றார். பிறகு, "சரி, விடும்" என்று குளிக்கப் போனார்.

அந்த இரவு அவர் நன்றாகச் சாப்பிட்டார். மகளோடு ஏதோ பகிடியும் விட்டார். முடிந்தது, இனிச் சரிவரும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் பின்னேரம் கதவு திறந்தது. கோட்டை அவரே கொளுவினார். சப்பாத்தைக் கழற்றினார். நேரே என் முன்னால் வந்து, கொஞ்சம் குனிந்து, வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று சொல்லுமுன்பே ஊதி முடித்துவிட்டு, நான் தலையாட்டும்வரை அங்கேயே நின்றார்.