லாரிப் பட்டறையில் ராகி

1986 புரட்டாசி. லாரிக்கு அடியில் படுப்பதற்கு முன் மாதையன் பட்டறைக்குப் பின்னால் போய்க் குந்துகிறார். ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்க்கிறார். விரலிடுக்கில் தேய்த்து மறுபடியும் மோந்து பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் ஸ்பானரைத் தொடுவார்.

பட்டறை அதியமான்கோட்டையில், சேலம் ரோட்டோரம். பதினோரு வருடமாக லாரிகளின் கழிவு ஆயிலையெல்லாம் இந்தப் பின்பக்கத்தில்தான் கவிழ்த்தார். தரை தார் பூசினாற்போல் ஆகிவிட்டது, அருகம்புல்கூடத் தலைகாட்டவில்லை. நிலம் சாலம்மாளுடையது. லாரிகளை ரோட்டில் நிறுத்தக் கூடாதென்று போலீஸ் விரட்டியபோது, அவருடைய பக்கத்து நிலத் துண்டையும் வாடகைக்குக் கேட்டார் மாதையன். அது கிடைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

சாலம்மாள் மறுக்கவில்லை. "கெடுத்து வெச்சிருக்கறதை மொதல்ல நெலமாக்கு மாதையா. ராகி போடு. எஞ் செவலை வந்து வாய் வெச்சா அந்தத் துண்டு உனக்கு" என்றார். செவலை அவருடைய பசு.

இஞ்சினைப் பிரித்துப் பழகியவர் தரையைப் பிரித்தார். முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு மண்ணை வெட்டியெடுத்தார். "ஓடையில கொட்டிட்டுப் போங்கண்ணே" என்றவர்களிடம், "அப்புறம் வேறொருத்தர் மாடில்ல மோந்து பாக்கும்?" என்றார். அத்தனையும் செங்கல் சூளைக்கு எரியப் போயிற்று. குழியை ஏரி வண்டல் நிரப்பியது. எண்ணெய் லேசாக ஊறிய ஓரங்களில் சாணியும் உமியும் போட்டு வாரந்தோறும் கொத்திவிட்டார். "மண்ணுக்குப் பசி எடுக்கணும்ங்க. எடுத்துட்டா எண்ணெயையும் தின்னுடும்" என்பார்.

டிரைவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "அண்ணே, கியர் பாக்ஸ் கத்துது. யூரியா போடலாங்களா?"

"போடலாம்டா. மொதல்ல அடியில டின்னை வெய்யி, அப்புறம் நட்டைத் தொடு" என்பார், அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே. டின் வைக்காத லாரிக்கு இங்கே ஆயில் மாற்றுவதில்லை.

போன வருடம் ராகி முளைத்தது. செவலை வந்தது, மோந்தது, மூக்கைச் சிலுப்பிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டது. "மாடு பொய் சொல்லாதுப்பா" என்றார் சாலம்மாள், கயிற்றைச் சுருட்டியபடி.

மாதையனின் மனைவி முனியம்மாள் வேறு காரணம் கண்டுபிடித்தார். "களையெடுத்தது யாரு? கிரீஸ் கையோட நீதான. மாடு மண்ணையா மோந்துச்சு, உன்னையில்ல மோந்துச்சு!"

மாதையன் இரண்டு பேரையும் நம்பினார். இன்னும் ஒரு முழம் வெட்டி மண் மாற்றினார். அதன் பின் ஒரு பயிரையும் கையால் தொடவில்லை. இந்த வருடம் விதைத்ததும் களையெடுத்ததும் முனியம்மாள். மாதையன் வரப்பில் நின்று, "அங்க ஒண்ணு, இந்தா இங்க ஒண்ணு" என்று களையைக் காட்டினார். "வாயில எண்ணெ வழியுது, தள்ளி நில்லு" என்று அதற்கும் ஏச்சு வாங்கினார்.

போன ஞாயிற்றுக்கிழமை செவலை மறுபடி வந்தது. டிரைவர்கள் டீ டம்ளரோடு வரப்பில் வரிசையாக நின்றார்கள். மாடு குனிந்தது. நெடுநேரம் மோந்தது. காது ஒரு தடவை ஆடியது. பிறகு நாக்கைச் சுழற்றி ஒரு தூரை வளைத்துப் பிடுங்கி மென்றது. அடுத்த தூருக்கு நகர்ந்தது.

"இந்தா, செத்த புடி. மேயட்டும்" என்று சாலம்மாள் கயிற்றை நீட்டினார்.

மாதையன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

வியாழக்கிழமை பக்கத்துத் துண்டில் வேலை தொடங்குகிறது. முதல் குழி கழிவு ஆயில் தொட்டிக்கு.