மாப்பிள்ளைக்குப் பத்தியச் சாப்பாடு

மூன்று இறைச்சிக் கடைகளை ஒற்றை ஆளாக நின்று உண்டாக்கியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. என்னைப் பற்றி எழுதவே நிறைய இருக்கிறது. ஆனால் இது என் மனைவியின் தம்பியைப் பற்றியது.

கறியிலிருந்து கொழுப்பை அரிந்தெடுப்பதில் அவனுக்கு நிகர் அவன்தான். பழக்கிவிட்டது நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு கிழட்டு நாய்தான் குடும்பம். அதை ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவான், அந்த வீட்டின் நிஜ மாப்பிள்ளை நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே. கடையில் கழிக்கிற கொழுப்பெல்லாம் அதற்குத்தான்.

ஒருநாள் அது முதுகை வளைத்துக்கொண்டு வாந்தி எடுத்தது. கால்நடை டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். வயிற்றில் கொழுப்பைச் செரிக்க வேண்டிய நொதி, கணையம் வீங்கியதால் ரத்தத்தில் கலந்து எக்கச்சக்கமாக ஏறிவிட்டதாம். கொழுப்பை அடியோடு நிறுத்துங்கள், அளவு இறங்காவிட்டால் பிழைக்காது என்றார்.

அவனும் நிறுத்தினான். அடுத்த வாரம் பார்த்தால் அளவு இறங்கவே இல்லை. திருட்டுத்தனமாக எதையோ கொடுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாதவன் தலைகுனிந்து நின்றால் எனக்குப் பொறுக்குமா? அன்று சாயங்காலம் அவன் வீட்டிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

கடை ஏப்ரன்களை அவன்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைப்பான். வேறு யார் துவைத்தாலும் அவனுக்குத் திருப்தி வராது. வெந்நீரில் ஊறப்போட்டிருந்தான். நீர் ஆற ஆறக் கொழுப்பு ஆடை கட்டி மேலே மிதந்தது. நாய் ஆடி அசைந்து வந்து வாளிக்குள் வாயை விட்டது.

"அங்க பாருடா, உன் மாப்பிள்ளைக்கு விருந்து நடக்குது."

பாய்ந்துபோய் வாளியைக் கவிழ்த்தான். ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டான்.

"அத்தான், என்னைக் கொழுப்பு மேசையிலேருந்து எடுத்துடுங்க. எவ்வளவு கழுவினாலும் கையில வாசம் போகல, நக்கிக்கிட்டே இருக்கு. தரை கழுவச் சொன்னாலும் கழுவறேன்" என்றான்.

என் முதல்தரமான ஆள். வேறு எவன் கேட்டிருந்தாலும் வெளியே போடா என்றிருப்பேன். குளிர்சாதன அறையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். துணிகளை இனிக் கடையிலேயே துவைக்க ஏற்பாடு செய்தேன்.

அதன் பிறகு எடுத்த ரத்தத்தில் அளவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் பத்தியம் ஆயுசுக்கும் உண்டு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

இப்போது அந்த மேசையில் இரண்டு பேரை வைத்திருக்கிறேன். இருவரும் சேர்ந்தும் அவன் இடது கைக்கு ஈடாகவில்லை. அவனோ, உப்பில்லாமல் அவித்த கோழிக்கறியை நாயோடு தரையில் உட்கார்ந்து தின்கிறான். நோய் அதற்கா உனக்கா என்று கேட்டேன்.

"தனியா வச்சா ஒரு வாய்கூடத் தொடமாட்டேங்குது அத்தான்" என்றான்.