பெயர் வெட்டும் பொன்னுரங்கம்

ஊரார் பாத்திரத்தில் பேர் வெட்டிப் பிழைக்கிறவருக்குப் பேரே பொய் என்று ஞானம் வந்தால் என்ன ஆகும்? சிதம்பரம் மேலவீதி பொன்னுரங்கத்துக்கு 2007-ல் அது வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதாந்த வகுப்புக்கு ஒரு மாசம் போன கையோடு வந்தது.

"பேரு, உருவம், சொந்தம் எல்லாம் இந்த ஒடம்போட சரிங்க. ஆத்மாவுக்கு ஏது பேரு?" என்பார், எவர்சில்வர் குடத்தில் அடுத்தவர் பேரை வெட்டிக்கொண்டே. ஒரு எழுத்துக் கோணினால் மட்டும் பொல்லாத கோபம் வரும். அது வேறு கணக்கு.

கடலூர் முதுநகரிலிருந்து தங்கை கொளஞ்சி வெற்றிலை பாக்கோடு வந்தாள். மகள் இலக்கியாவுக்குத் தையில் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். கூடப் பிறந்த மாமன் இவர் ஒருவர்தான். அந்தக் குழந்தையும் மாமா மாமா என்று உயிரை விடும்.

பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டார். "பந்தத்தையெல்லாம் அறுத்துட்டேன் கொளஞ்சி. மாமன், மருமவ எல்லாம் மாயை. என்னை இழுக்காத."

உள்ளுக்குள் அவர் போட்ட கணக்கே வேறு. தங்கை அழுவாள், "நீ இல்லாம எப்புடிண்ணே?" என்று காலைப் பிடிப்பாள், அப்புறம் பெரிய மனசு பண்ணிப் போகலாம். துறந்தவரைக் கெஞ்சிக் கூப்பிட்டால் அதன் மரியாதையே தனி அல்லவா! அவளோ, "சரிண்ணே, ஒன் இஷ்டம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அடப்பாவமே, சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்!

தை பிறந்தது. பெரியப்பா மகன் செந்தமிழ்செல்வன் கடைக்கு வந்து ஒரு தாம்பாளத்தை நீட்டினான்.

"சீர்த்தட்டுண்ணே. 'இலக்கியாவுக்குத் தாய்மாமன் செந்தமிழ்செல்வன்'னு வெட்டு. கொளஞ்சி என்னைய மடியில வெச்சிக்கச் சொல்லிடுச்சி. நீதான் எல்லாத்தையும் அறுத்துட்டியாமே?"

பொன்னுரங்கத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆத்மாவுக்கு வயிறு கிடையாது என்று வகுப்பில் சொன்னது அந்த நேரத்துக்கு உதவவில்லை. ஆனாலும் மிஷினை எடுத்து வெட்டினார். எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

காதுகுத்து அன்றைக்கு இருப்புக்கொள்ளாமல் முதுநகர் போய்ச் சேர்ந்தார். கொளஞ்சி ஓடி வந்து, "வாண்ணே, மொதல்ல சாப்புடு" என்றாள். மடியைப் பற்றிப் பேச்சே இல்லை. சபையில் ஒருத்தனை உட்கார வைத்த பிறகு எழுந்திரு என்று சொல்ல முடியுமா? இவருக்கும் கேட்க வாய் வரவில்லை. ஜனத்தோடு ஜனமாக நின்றார்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் இலக்கியா வீறிட்டது. "மாமா! மாமா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கை நீட்டியது.

"வந்துட்டேன்டி செல்லம்!" பொன்னுரங்கம் ஆட்களை விலக்கிக்கொண்டு பாய்ந்தார்.

செந்தமிழ்செல்வன் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "மாமா இங்கதான்டி இருக்கேன்."

ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். "யாருய்யா நீ? வெளிச்சத்த மறைக்கிற, தள்ளி நில்லு."

பொன்னுரங்கம் தள்ளி நின்றார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.