தக்கை அறையில் நான் வைத்த கேன்

1. மூக்கு வேலை

இலங்கையில் மாத்தளைப் பக்கம் இரத்தோட்டைக்கு மேலே மூடிக்கிடந்த ஒரு தேயிலை ஃபெக்டரியில் பதினாறு வருசம் வேலை செய்தேன். பிரான்ஸ் நாட்டுக் குடும்பம் ஒன்று அதை எடுத்திருந்தது. அவர்கள் ஊரில் தாத்தா காலம் தொட்டு திராட்சையில் நுரைக்கிற வைன் செய்கிறவர்கள். கடைசி மகன் இங்கே வந்து அதே முறையில் அன்னாசியில் செய்தார். அவரைச் சின்னத்துரை என்போம்.

வைன் போத்தலுக்குள்ளேயே ஒரு வருசம் புளிக்கும். பிறகு போத்தலைத் தலைகீழாகக் குத்தி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவோம். மண்டி கழுத்துக்கு இறங்கும். மூடியைத் தட்டினால் மண்டி தெறித்துப் போய்விடும். உடனே மூக்கை வைத்து மணந்து பார்க்க வேண்டும். தட்டுவதும் மணப்பதும் என் வேலை. அதற்குப் பிறகு ஆம்பளைகள் தக்கை அடித்துக் கம்பி கட்டுவார்கள். நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. மூக்குக்கு விரதம் கிடையாதுதானே.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. சரக்கு வெளியே போகும் முன் ஒரு போத்தலைத் திறந்து, மண்டி எடுத்த ஆளிடம் முதலில் நீட்ட வேண்டும். அந்த ஆள் தலையாட்டினால்தான் லொறி போகும்.

2. அறுபது போத்தல்

தமிழ் ஆட்களை அடித்த கலவரம் அடங்கி மூன்று மாதம் இருக்கும். பிரான்ஸிலிருந்து அப்பா பெரியதுரை, மகன் சின்னத்துரைக்குக் கடிதம் போட்டிருந்தார். அறுபது போத்தல் அனுப்பு, குடித்துப் பார்த்துவிட்டு இடத்தை வைத்திருப்பதா மூடுவதா என்று சொல்கிறேன் என்று. எங்கள் நாற்பது பேருடைய வேலை அந்த அறுபது போத்தலில் இருந்தது.

மேனேஜர் ரஹீம் மாத்தளை டவுன்காரர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவரை நானா என்போம். ஒரு போத்தலைத் திறந்து கிளாஸில் ஊற்றி நீட்டினார். மணந்தேன்.

"தலைய ஆட்டுங்க சவரியம்மா. லொறிக்காரன் ஹோன் அடிக்கிறான்."

"நானா, மண்ணெண்ணெய் மணக்குது."

நானாவும் மணந்தார். "எனக்கு அன்னாசிதான் மணக்குது. ஒங்களுக்குத் தடிமன் பிடிச்சு மூக்கு அடைச்சிருக்கா?"

சின்னத்துரை மணந்து, குடித்தும் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டு வார்த்தை. "நல்லா இருக்கு," என்றார்.

"துரையே சொல்லிட்டார். மண்ணெண்ணெய் எங்கிருந்து வரும்? இது போத்தலா, குப்பி லாம்பா?" என்றார் நானா.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தோட்டத்து ஆட்களின் லய வீடுகளுக்கு நெருப்பு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, வீட்டில் இருந்தால் ஆபத்து என்று மண்ணெண்ணெய் கேனை ஃபெக்டரிக்குத் தூக்கி வந்தேன். தக்கை அறைச் சாவி என்னிடம் இருந்தது. தக்கை மூட்டைகளுக்குப் பின்னால் கேனை வைத்தேன். மூடி தொலைந்து துணிதான் அடைத்திருந்தேன். பிறகு மறந்தே போனேன். தக்கை எல்லாம் அந்த மணத்தைக் குடித்து வைனுக்குக் கொடுத்துவிட்டது.

இது யாருக்கும் தெரியாது. தலையாட்டியிருந்தால் லொறி போயிருக்கும். ஆனால் பெரியதுரைக்கும் மூக்கு இருக்குமே.

"தக்கை மூட்டைக்குப் பின்னால ஒரு கேன் இருக்கு நானா. நான் வச்சது."

நானா அதை இரண்டு விரலால் தூக்கி வந்து, துரைக்கு இங்கிலீசில் சொன்னார். துரை துணியை மணந்தார். கிளாஸை மணந்தார். திரும்பத் துணியை மணந்தார். பிறகு கிளாஸை வாளியில் ஊற்றினார்.

3. போத்தல் கழுவல்

லொறி வெறுமையாகப் போனது. தக்கையை எல்லாம் எரித்தோம். நன்றாக எரிந்தது. புதுத் தக்கை கப்பலில் வர ஐந்து மாதம் ஆனது. சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் போத்தல் கழுவப் போட்டார்கள். நான் யாரிடமும் கெஞ்சவில்லை. மணந்து பார்க்க, என்னோடு வேலை செய்த மல்லிகாவை வைத்தார்கள்.

புது அறுபது போத்தலுக்கும் தக்கை அடித்த அன்று நானா போத்தல் கழுவுகிற தொட்டியடிக்கு வந்தார். "துரை கூப்பிடுறார். மணந்து பாக்கணுமாம்."

"மல்லிகா இருக்காதானே?"

"அவ எல்லாத்துக்கும் தலையாட்டுறா."

"பிழை செஞ்சவ நான். என்னய எதுக்கு?"

"தன்னையே காட்டிக் குடுத்த மூக்கு வேற யாரை விடும்னு கேக்குறார் துரை."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். மணந்தேன், தலையாட்டினேன், லொறி போனது. இரண்டு மாதம் கழித்துப் பெரியதுரையின் கடிதம் வந்தது. இடத்தை வைத்திரு என்று ஒரே வரி.

சாவியை மட்டும் கடைசிவரை எனக்குத் தரவில்லை. சவரியம்மாவின் மூக்கை நம்பலாம், அவளை நம்பி ஓர் அறையைக் கொடுக்கக்கூடாது என்று அவர்கள் படித்துக்கொண்டார்கள். அது சரிதான். நானும் அதைத்தான் படித்துக்கொண்டேன்.