ஒவ்வொரு கலரிலும் ஒன்று

நர்சிங் இரண்டாம் ஆண்டில் மருந்தியல் பாடம் ஆரம்பித்த முதல் வாரமே எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. எலும்பு என்றால் தொட்டுப் பார்க்கலாம். மருந்தை எங்கே தொட்டுப் பார்ப்பது? மேடம் பாட்டுக்குப் போர்டில் எழுதிக்கொண்டே போவார். பெயர் ‘லால்’ என்று முடிந்தால் அது இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை. ‘பிரில்’ என்று முடிந்தால் ரத்த அழுத்தத்துக்கு, கூடவே வறட்டு இருமல் வரலாம். ‘டிபின்’ என்றாலும் ரத்த அழுத்தத்துக்குத்தான், ஆனால் கால் வீங்கும். ‘சோல்’ என்று முடிந்தால் வயிற்றில் அமிலத்தைக் குறைப்பது. அதை நம்பி நான் மனப்பாடம் செய்து முடித்த மறுநாள், படர்தாமரைக்குக் கொடுக்கும் மருந்தும் ‘சோல்’ என்றே முடியும் என்றார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இதற்கெல்லாம் பெயர் வைத்தவனுக்கு வீட்டில் சோறு போடவில்லையா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். அது மேடம் காதில் விழுந்து, அந்த வகுப்பு முடியும்வரை வெளியே நின்றேன்.

இப்படி ஒன்றும் புரியாமல் நான் திண்டாடிய நாட்களில்தான் அப்பா மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அம்மா சொன்னாள்.

நாங்கள் பெருமாநல்லூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நான் பிறப்பதற்கு முன்பே பிழைக்க வந்தவர்கள். அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டினார், பெரும்பாலும் நைட் ஷிப்ட். அம்மா பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்ஷன். நான் பள்ளியில் படித்தபோது அப்பா நன்றாகக் குடிப்பார். பிறகு ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, வேதக்கோயிலில் பாதிரியார், சபையார் எல்லோர் முன்னாலும் முழங்காலில் நின்று இனித் தொடமாட்டேன் என்று சொன்னார். தொடவும் இல்லை. அம்மா அதன்பிறகுதான் சிரிக்கவே ஆரம்பித்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

முதல் தடவை ஒரு மத்தியான நேரம். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து தள்ளாடிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாக்கு குழறியது. என்ன வேண்டும் என்று கேட்டால், “மெஷின நிறுத்து, நூல் அந்து போச்சு” என்றார். வீட்டில் மெஷின் ஏது? அம்மா கிட்டே போய் வாயை மோந்து பார்த்தாள். வாடை இல்லை. டீயும் பன்னும் கொடுத்து உட்கார வைத்ததும் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். நான் குடிக்கவே இல்லை என்று பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

“வாடையே வராம இப்ப என்னென்னமோ விக்கான்வ. எனக்குத் தெரியாதா?” என்றாள் அம்மா.

எனக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. குடித்தவர் இப்படித்தான் இருப்பார். சின்ன வயதில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். ஆனால் குடித்தவர் ஒரு டீயில் தெளிவாரா? அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. அரைகுறைப் படிப்பை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொன்றாக யோசித்தேன். பி.பி. மாத்திரை அழுத்தத்தை ரொம்ப இறக்கிவிட்டதோ என்று, கல்லூரியில் வாங்கச் சொன்ன கருவியைக் கையில் கட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று புத்தகத்தைப் புரட்டினேன். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்று போட்டிருந்தது. அப்பாவுக்குக் கை நடுங்கவில்லை. நெஞ்சு படபடத்ததா என்று கேட்டேன், இல்லை என்றார். சரி, அதுவும் இல்லை என்று முடிவு கட்டினேன். மாத்திரையில் தவறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் மாத்திரை இலாகா அம்மாவுடையது.

அம்மாவின் பேக்கிங்கில் குறை கண்டுபிடிக்கச் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரே விமானம் ஏறி வந்தாலும் முடியாது. ஒரு பெட்டிக்குள் ஒவ்வொரு கலரிலும் ஒரு பனியன் போகவேண்டும் என்றால் போகும். ஒரு கலர் விட்டுப்போனால் அதற்கு ஷார்ட்டேஜ் என்று பெயர். கட்டிய பெட்டியை எல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டும். அம்மா செக்ஷனுக்கு வந்த நாள் முதல் அவள் கட்டிய பெட்டியை யாரும் பிரித்ததில்லை. அப்பாவின் மாத்திரைகளையும் அப்படித்தான் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நூல் வெட்டும் ட்ரிம்மரால் அட்டைகளைத் துண்டு துண்டாக நறுக்கி, உபரிப் பட்டன் போடும் குட்டிக் கவர்களில் ஒரு வேளைக்கு ஒரு கவர் என்று போட்டு வைப்பாள். அப்பா கவரைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு தூங்கப் போவார். எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது என்று நானே பெருமையடித்திருக்கிறேன்.

அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை அதேபோல் ஆனது. எல்லாம் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிய மத்தியானங்களில். ஒருநாள் டீக்கடையில் வேட்டி அவிழ உட்கார்ந்திருந்தவரை யாரோ கூட்டிவந்து விட்டார்கள். முதல் தடவை சத்தியம் செய்தவர், பிறகு வாயே திறக்கவில்லை. அம்மா என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தப்பு செய்தவன்தான் தலை குனிவான் என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றிய உடனே, அப்படித் தோன்றியதற்காக என் மேலேயே ஆத்திரம் வந்தது. இன்னொரு தடவை இப்படி வந்து நின்றால் அவிநாசிபாளையத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா சொன்னால் செய்வாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வகுப்பில் மேடம் ‘லால்’ குடும்பத்துக்கே திரும்ப வந்தார். சர்க்கரை நோயாளிக்கு இதைக் கொடுக்கும்போது கவனம் வேண்டும் என்றார். சர்க்கரை இறங்கும்போது வருகிற நடுக்கத்தையும் படபடப்பையும் இந்த மருந்து மறைத்துவிடும், வேர்வையை மட்டும் மறைக்காது என்றார். நான் எழுதிக்கொண்டேன். எழுதியது எனக்கு ஏறவில்லை. ஒரு மருந்து இன்னொரு மருந்து செய்யும் கெடுதலை மறைக்குமாம், இது என்ன கூத்து என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பாவைத் தூங்க விட்டுவிட்டு நானும் அம்மாவும் வேதக்கோயில் போய், அப்படியே சந்தையில் காய் வாங்கிக்கொண்டு திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. அப்பா சமையலறைத் தரையில் உட்கார்ந்து சட்டைக் கைக்குள் காலை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “அக்கா, பஸ் போயிருச்சா?” என்று கேட்டார்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. பீரோவைத் திறந்து சேலைகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு அம்மாவைப் பிடித்து நிறுத்துவதா, அப்பாவைத் தூக்குவதா என்று விளங்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்தேன். ஐஸ் போலச் சில்லிட்டு, வேர்வையில் வழுக்கியது. நடுக்கம் துளியும் இல்லை. நடுக்கமில்லாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளிக்கிழமை எழுதியது எனக்கு ஏறியது. அப்பா சாப்பிடும் பி.பி. மாத்திரை அட்டனலால். ‘லால்’!

எழுந்து வெளியே ஓடினேன். வீட்டுக்காரம்மா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊர்க்காரர், அவருக்கும் சர்க்கரை உண்டு.

“ஏனு கண்ணு, ஊட்டுக்குள்ள என்னாச்சு?”

“உங்க சுகர் மெஷின் வேணும்ங்க, சீக்கிரம்.”

“இரு கண்ணு, எடுத்தாறேன்” என்று ஈரக் கையோடு உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவின் விரலைத் துடைத்து ஊசியால் குத்தினேன். நாற்பத்தொன்று என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. ஒரு மிடறு தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், விழுங்கினார். டம்ளரில் நாலைந்து ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினேன்.

அம்மா பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “ஏட்டி, சுகர் இருக்கிற மனுசனுக்குப் போயி சீனியக் குடுக்கியே! கொல்லப் பாக்கியா?”

“விடும்மா! சுகர் ரொம்ப எறங்கிருச்சு. இதக் குடுக்கலன்னாதான் செத்துப் போவாரு!”

அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சந்தேகம்தான். கருவி பழையது, தப்பாகக் காட்டியிருந்தால்? அம்மா சொல்வதே சரியாக இருந்தால்? வேறு வழி தெரியாமல்தான் கொடுத்தேன். அப்பா பாதியை மேலே ஊற்றிக்கொண்டு மீதியைக் குடித்தார். இன்னொரு டம்ளர் கலந்து கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோது ஏறியிருந்தது. அப்பா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏன் பிள்ளை அழுகிறாய் என்று கேட்டார்.

அம்மா சோறு பிசைந்து அவருக்கு ஊட்டும்போது நான் மாத்திரைக் கவர்களைக் கொட்டினேன். ஒரே அளவு மாத்திரையை இத்தனை காலம் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இப்போது மட்டும் ஏன் இறங்க வேண்டும்? ஒவ்வொரு காலைக் கவரிலும் வெள்ளை ஒன்று, பெரிய வெள்ளை ஒன்று, பச்சை ஒன்று, ரோஸ் ஒன்று. வெள்ளை அட்டனலால், பெரியது மெட்ஃபார்மின், எனக்கே தெரியும். பச்சையும் ரோஸும்? வெட்டின துண்டுகளில் பாதிப் பாதி எழுத்துதான் இருந்தது. நாலைந்து கவரின் துண்டுகளைத் தரையில் பரப்பி விளிம்போடு விளிம்பு சேர்த்தேன். பச்சைக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, ரோஸுக்கு வேறொன்று. இரண்டின் அடியிலும் பொடி எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் ஒன்றே: கிளிமிப்பிரைடு. சர்க்கரையை இறக்கும் மாத்திரை.

“அம்மா, இந்த ரோஸ் மாத்திர எங்க வாங்குன?”

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் ஏதோ ஒரு மாத்திரை ஸ்டாக் இல்லை என்று சீட்டு எழுதி மெடிக்கலில் வாங்கச் சொன்னார்களாம்; எதற்குப் பதில் எது என்று சொல்லவில்லையாம். மெடிக்கலில் வாங்கியது ரோஸ். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலேயே பச்சை கொடுத்தார்கள். ரோஸும் மிச்சம் இருந்தது.

“வேற கலரா இருந்துச்சு. வேற மாத்திரன்னுல்லா நெனச்சேன். ஒண்ணு விட்டுப்போயிரக் கூடாதேன்னு எல்லாத்துலயும் ஒண்ணு போட்டேன்” என்றாள்.

“ரெண்டும் ஒண்ணும்மா. கம்பெனிதான் வேற. டபுளா போட்டிருக்க. அதப் போட்டுட்டு மத்தியானம் சாப்பிடாம தூங்குனா சுகர் எறங்காதா?”

அம்மா குனிந்து பச்சைத் துண்டையும் ரோஸ் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “ஒரே லாட்டு சரக்கு, ரெண்டு லேபிளா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வகை மாத்திரை உடம்பில் நேரம் கழித்தும் வேலை செய்யும், சர்க்கரை திரும்ப இறங்கலாம் என்று பயந்து, வீட்டுக்காரம்மா பிடித்துக் கொடுத்த ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரும் அதையே சொல்லி, மறுநாள்வரை இருக்கட்டும் என்று அப்பாவுக்கு ட்ரிப் போட்டார். மேடத்தை நினைத்து அப்போது எனக்குக் கண் கலங்கியது. மனதுக்குள் அவரைத் திட்டியது எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அப்பா, “நீ என்ன வேணும்னா செஞ்ச?” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அழுகை அடங்கியதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“குடிக்கலன்னா குடிக்கலன்னு அடிச்சுச் சொல்ல வேண்டியதுதான? ஏன் ஊமை மாதிரி உக்காந்திருந்தீங்க? நான் பைய வேற கட்டிட்டேனே!”

அப்பா எங்களைப் பார்க்காமல் ட்ரிப் பாட்டிலைப் பார்த்தார்.

“மொதத் தடவ குடிக்கலன்னு தெரியும், சத்தியம் பண்ணேன். அதுக்கப்புறம் எனக்கே தெரியல. முழிச்சுப் பாத்தா நீங்க ரெண்டு பேரும் அழுதுட்டு நிக்கீங்க. என்ன பேசுனேன், எங்க போனேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. குடிச்சிட்டுத்தான் மறந்துட்டேனோன்னு தோணிட்டு. ஒருநாள் ஒயின்ஷாப்புக்கே போயி, ‘தம்பி, நேத்து மத்தியானம் நான் இங்க வந்தேனா’ன்னு கேட்டேன்.”

“அவன் என்ன சொன்னான்?” என்று கேட்டாள் அம்மா.

“‘எத்தனையோ பேரு வந்துட்டுப் போறாங்க, எனக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும்’னுட்டான். அப்புறம் நான் எத வச்சு இல்லன்னு சொல்ல?”