ஓக் மரத்தடியில் சாம்பல் தூவக் கூடாது

எங்கள் ஏரிக்கரை ஓக் காட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பறவை பார்க்க வருகிறார்கள். மீதிப் பேர் நாயை அவிழ்த்துவிட வருகிறார்கள். இரண்டிலும் சேராத சிலர் உண்டு. பையைக் கையில் தொங்கவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். செத்துப்போன அப்பாவையோ மனைவியையோ அந்தக் கிழட்டு ஓக் மரத்தடியில் தூவிவிட்டுப் போக வந்தவர்கள். அவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்புவது எஃபி மக்லாரனின் வேலை.

எஃபி காட்டுக்குக் காவலாளி. நான் கார் நிறுத்துமிடத்தில் வண்டி போட்டு டீயும் சாசேஜ் ரொட்டியும் விற்கிறவள். அவள் அலுத்துக்கொள்வதையெல்லாம் கேட்க இந்தக் காட்டில் வாய்த்தது என் காது ஒன்றுதான். சாம்பல் மண்ணுக்கு உரமாகிவிடுமாம். மெலிந்த மண்ணிலேயே வளர்ந்து பழகிய பாசியும் பெரணியும் அதைத் தாங்காதாம். சாம்பல் விழுந்த இடத்தில் காஞ்சொறி மண்டிவிடும். எஃபி கையுறை மாட்டிக்கொண்டு அதைப் பிடுங்கி எடுத்து வருவாள்.

"யாரோட அம்மாவோ தெரியல ரோனா. வேரோட வரமாட்டேங்கறா" என்பாள். சிரிக்கவும் தெம்பு இருக்காது அவளுக்கு.

அவள் புருஷன் டூகல் லாரி ஓட்டினவன், வாய்த்துடுக்கு. நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த பிறகும் வாய் மட்டும் ஓயவில்லை. "நான் போனா அந்தக் கிழவன் மரத்தடியிலதான் என்னைப் போடணும். முடிஞ்சா எனக்கு அபராதம் போடு, பார்ப்போம்" என்பான். கடைசி வாரத்தில் அதையே விளையாட்டில்லாமல் கேட்டான். எஃபி சரி என்று சொல்லிவிட்டாள்.

பனி உருகும் முன்பே போய்விட்டான். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மதுக்கடையில் ஒருத்தன் கேட்டேவிட்டான்: "என்ன எஃபி, டூகலுக்கு மட்டும் சட்டம் வளையுமா?" அவள் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். அந்த ஆள் பிறகு என் கடைக்கு வந்தபோது அவனுக்கு நான் ஆறிய டீதான் கொடுத்தேன்.

கோடை வந்து போனது. மரத்தடியில் எதுவும் தூவப்படவில்லை. எஃபி நடப்பதைப் பார்த்தால் எனக்கே கால் வலித்தது.

செப்டம்பரில் தூறலாக இருந்த ஒரு நாள், கிளாஸ்கோ பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். டை கட்டி, மெருகேற்றிய காலணி போட்டிருந்தார். பை நெஞ்சோடு இருந்தது. எஃபி என் வண்டி முன்னாலேயே அவரை நிறுத்திவிட்டாள்.

"ஐயா, அதை இங்க திறக்க முடியாது."

"என் வீட்டுக்காரிம்மா. நெட்டி. கல்யாணம் ஆனதும் நாங்க முதல்ல வந்தது இங்கதான்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

சொன்னதும் அவள் முகம் செத்துவிட்டது. நான் இரண்டு டீயை முன்னால் வைத்தேன். உரம், பாசி, காஞ்சொறி என்று தன் வழக்கமான பாட்டைத் தொடங்கியவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"முடியல ரோனா. நீ சொல்லிடு."

நான் தொடங்கும் முன்பே பெரியவர் அமைதியாகச் சொன்னார்: "உங்க வீட்டுல யாராவது போயிருந்தா தெரிஞ்சிருக்கும்மா."

"போயிருக்காரு. அந்த மரத்தடியில போடறேன்னு வாக்கும் குடுத்திருக்கேன்."

"போட்டாச்சா?"

"இல்ல."

"சட்டம் தடுக்குதோ?"

"ஊர் அப்படி நினைச்சுக்குது. நினைக்கட்டும்னு விட்டுட்டேன்." டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சட்டம் கிடக்குது ஐயா. யாரும் பார்க்காம போட்டுட்டு வர எனக்கா வழி தெரியாது? என் வண்டியில முன்சீட்டுல ஒரு பெட்டியில அவரை வச்சிருக்கேன். காலையில ஏறினா அவர்கிட்ட பேசிக்கிட்டேதான் காட்டைச் சுத்துவேன். போட்டுட்டா அப்புறம் நான் யார்கிட்ட பேசறது? வாக்குத் தவறினது தெரியும். அந்தப் பாரத்தோடதான் நடக்கறேன்."

அந்தப் பெட்டியை நானும் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுப் பெட்டி என்று நினைத்துவிட்டேன். தினமும் அவள் அலுப்பைக் கேட்டவள், ஒரு நாளாவது அந்தக் கதவைத் திறந்து என்ன என்று கேட்டிருக்கலாம்.

பெரியவர் பையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பசங்கதான் விரட்டி அனுப்பினாங்க. அலமாரியில அம்மா இருக்கறது நல்லா இல்லையாம். எனக்கு அவ அங்க இருக்கறது நல்லாத்தான் இருக்கு. இன்னும் மனசு வரலைன்னு அவங்ககிட்ட சொல்ல வாய் வரல."

"இப்ப சொல்லிட்டீங்களே. அதையே வீட்டுல போய்ச் சொல்லுங்க" என்றாள் எஃபி.

இத்தனை வருஷமாகச் சட்டத்தைச் சொல்லி அவள் திருப்பி அனுப்பியவர்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். இவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார்.

மழை வலுத்துவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ரயில் நிலையத்தில் கொண்டு விடுகிறேன் என்று எஃபி வண்டியைத் திறந்தாள். முன்சீட்டில் டூகலுக்கு பெல்ட் போட்டிருந்தது. அவனை நகர்த்தி வைக்க அவளுக்குத் தோன்றவில்லை, நகர்த்தச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. மெருகேற்றிய காலணியோடு பின்பக்கம் ஏறி, மண்வெட்டிகளுக்கு நடுவில், நெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டாள் எஃபி.

"ஏறியாச்சும்மா" என்றார் அவர்.