ஐஸில் வைத்த பை

எனக்கு மூக்கு நுனியில் கோபம். பெங்களூர் பீன்யாவில் என்னோடு லேத் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் ஐ.சி.யூ.வில் கிடந்த அந்த வாரம், கோபத்தைத் தவிர என்னிடம் வேறு எதுவுமே இல்லை. காய்ச்சலாக ஆரம்பித்து ரத்தம் முழுக்கக் கிருமி பரவிவிட்டது. பிளேட்லெட் பத்தாயிரத்துக்குக் கீழே போய், ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தம் நிற்காமல் கசிந்தது. மூளையில் கசிந்தால் கையை விரிக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ரத்தம் வாங்கி வருவது என் வேலை. சிவப்பு ரத்தம் இரண்டு முறை கொண்டுவந்தேன், தெர்மாஸ் டப்பாவில் ஐஸ் போட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு. மூன்றாவது முறை பிளேட்லெட். கஞ்சித் தண்ணீர் மாதிரி மஞ்சளாக ஒரு சின்னப் பை. ரத்த வங்கிக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தார், கையைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை.

"இதுக்கு ஐஸ் பேடா சார், வேணாம். கையில வெச்சு மெல்ல ஆட்டிக்கினே போங்க," என்றார்.

ஐஸ் எடுத்துத் தரச் சோம்பல், அதற்கு ஒரு கதை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜூஸ் கடையில் ஆட்டோவை நிறுத்தி ஐஸ் வாங்கி டப்பாவை நிரப்பினேன். அண்ணனுக்கு நான் ஒருத்தனாவது ஒழுங்காகச் செய்கிறேனே என்று பெருமையாகக்கூட இருந்தது.

டப்பாவைத் திறந்த நர்சின் முகம் மாறியது. குளிர்ந்துபோன பிளேட்லெட் உடம்பில் தங்காது, இதை ஏற்ற முடியாது என்று டாக்டரைக் கூப்பிட்டார்.

"ஐஸ் போடக்கூடாதுன்னு அங்க சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

பக்கத்தில் அண்ணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லலை சார்," என்றேன்.

டாக்டர் போனிலேயே அந்த மனிதரை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த பை தயாராகச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதற்குள் டாக்டர் பயந்தது நடந்துவிட்டது. மூளையில் கசிந்து அண்ணனுக்கு நினைவு தப்பியது. மறுநாள் போய்விட்டார்.

அந்தப் பை ஏறியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு பொய் சொன்னால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்!

வருஷா வருஷம் திவசத்தன்று, இலையில் சாதம் வைத்ததும் அண்ணி அந்த ரத்த வங்கிக்காரரைச் சபிக்க ஆரம்பிப்பார்.

"அவன் குடும்பம் வெளங்குமா தம்பி?" என்று என்னைக் கேட்பார்.

"வெளங்காது அண்ணி," என்பேன்.